நாலைச் சொல்லக் கூடாது

திரைச்சீலையை இழுத்து மூடியது போதாதென்று, இரண்டு துணிகளும் சேரும் இடத்தில் ஒரு துணிக் கிளிப்பையும் மாட்டினாள் அவள். பிறகு கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். அப்புறம் மறுபடியும் கிளிப்பைச் சரிபார்த்தாள்.

"அண்ணி, நாம என்ன பேங்க்கையா கொள்ளையடிக்கப் போறோம்? டான்ஸ்தானே ஆடப் போறோம்?" என்றாள் நாத்தனார்.

"நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"எந்த நாலு பேர்? அட்ரஸ் குடுங்க, நேர்லயே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

சோபா ஏற்கெனவே சுவரோரம் போயிருந்தது. அதன் மேல் அவள் கணவன் கால்களை மடக்கிக்கொண்டு, வெள்ளத்துக்குப் பயந்து மேடேறியவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். தொலைக்காட்சியில் ஒரு சுருட்டை முடிக்காரர், தொப்பை என்ற சொல்லையே கேள்விப்படாத இடுப்போடு நின்று சிரித்தார். வீட்டில் இருந்தபடியே லத்தீன் நடனம், துணை தேவையில்லை, ஒரு பாய் விரிக்கிற இடம் போதும், இதயத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் அவர் சொல்லிவிடுவார்.

இதயம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவள் விரல் மணிக்கட்டுக்குப் போகும்.

அவள் கன்டெய்னர் யார்டில், சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் கிரேன் ஓட்டுகிறவள். கேபின் ஆறு மாடி உயரத்தில் தொங்குகிறது. ஏறிப்போக ஒரு இரும்பு ஏணிதான். அதனால் அவளுக்கும், யார்டில் இயந்திரங்களோடு வேலை செய்கிற மற்றவர்களுக்கும் வருடம் ஒருமுறை உடல்தகுதிப் பரிசோதனை உண்டு. முழங்கால் உயரப் பெட்டி ஒன்றின் மேல் தாளத்துக்குத் தாளம் ஏறி இறங்க வேண்டும். மார்பில் கட்டிய பட்டை நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டே இருக்கும். இந்த முறை பாதி தாண்டுவதற்குள் அவள் துடிப்பு சிவப்புக் கோட்டுக்கு மேல் போய்விட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவரை கேபினில் இருக்கலாம். அதிலும் தோற்றால் தரைக்கு இறங்கிவிட வேண்டியதுதான்.

தரையில் தனக்கு என்ன காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கேட் மேசை, யார்டு வாசலில் லாரிகளைப் பதிவு செய்கிற வேலை. கேபின் கிடைப்பதற்கு முன்னால் அவள் அங்கேதான் இருந்தாள். மீன்தொட்டி மாதிரி நாலு பக்கமும் கண்ணாடி. வருகிற லாரிக்காரர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடியில் தலைவாரிக்கொண்டே அவளைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு முகம் ஏன் வாட்டம், நேற்று யாரோடு சிரித்தாள் என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு கதை இருந்தது. கேபினில் முகத்துக்கு விடுமுறை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், பிறகு அவள் கைதான் பேசும். ஒரு லாரி எடையுள்ள பெட்டியை, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அவளால் இறக்க முடியும். உலகத்தில் தனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று நினைப்பவள் அவள். அதையும் பிடுங்கிக்கொண்டால்?

இதயம் பலப்பட ஓடுங்கள் என்றார் டாக்டர். ஓடலாம்தான். ஆனால் அந்தக் குடியிருப்பில் பாதிக்குப் பாதி யார்டு ஆட்கள். கிரேன்காரி திடீரென்று மூச்சிரைக்கத் தெருவில் ஓடினால், ஏன் ஓடுகிறாள் என்பது மதியத்துக்குள் யார்டு முழுக்கப் பரவிவிடும். தோற்றது இதுவரை வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

"அப்ப வெளிய எதுக்குப் போறீங்க? வீட்டுக்குள்ளயே என்கூட ஆடுங்க" என்று சொன்னவள் நாத்தனார்தான். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை அவளுக்கு. நாளெல்லாம் அடுத்தவர் பல்லோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் வேலை என்பதால், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்றே பெயர்.

முதல் பாடத்தையே பம்பரம் மிரட்டலோடுதான் ஆரம்பித்தாள்.

"இடது கால் முன்னால, ஒண்ணு. வலது கால் இருந்த இடத்துலயே ஒரு மிதி, ரெண்டு. இடதைத் திருப்பிக் கொண்டாங்க, மூணு. இப்ப நில்லுங்க."

"ஏன் நிக்கணும்?"

"அதான் இதுல விஷயமே. நாலுல கால் நகராது. மூச்சை மட்டும் விடணும். அப்புறம் வலது கால் பின்னால, மறுபடியும் ஒண்ணுலேர்ந்து."

அவள் ஆடிப் பார்த்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." கால் அவள் பேச்சைக் கேட்காமல் முன்னே போய் மேசைக்காலில் இடித்தது.

"அண்ணி! நாலைச் சொல்லக் கூடாது! சொன்னா கால் கிளம்பிடும். இருக்கு, ஆனா இல்லை, அப்படி நினைச்சுக்கணும்."

சோபாவிலிருந்து கணவன் வாய் திறந்தான். "நாலு பேருக்குப் பயப்படறவளுக்கு நாலே இல்லாத டான்ஸ். பொருத்தமாத்தான் புடிச்சிருக்க."

"அண்ணா, நீ பேசாம இரு, இல்லன்னா எறங்கி வந்து நீயும் ஆடு."

அவன் கால்களை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டான்.

தொடக்கத்தில் எல்லாமே தலைகீழாகத்தான் போனது. வீடியோக்காரர் இந்தப் பக்கம் என்றால் அவள் அந்தப் பக்கம் போய்ப் பம்பரத்தின் மேல் மோதினாள். இடுப்பை அசை என்றால் தோள் அசைந்தது. இது எனக்கு வராது என்று தினமும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தினமும் ஆடினாள். அவளுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. ஒரு அடி சரியாக வரவில்லை என்றால் அந்த அடியை மட்டும் தனியே எடுத்து, சமையலறையில் குக்கர் சத்தம் வரும்வரை போட்டுப் பார்ப்பாள். பல் துலக்கும்போது ஒண்ணு ரெண்டு மூணு, ம். படியேறும்போது ஒண்ணு ரெண்டு மூணு, ம். அந்த 'ம்' மட்டும் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்துத் துடிப்பைப் பார்ப்பாள். முதலில் ஒரு பாட்டுக்கே தறிகெட்டு ஓடிய துடிப்பு, போகப்போக மூன்று பாட்டுக்குப் பின்னும் ஒழுங்காக அடித்தது. அதையும் அவள் நம்பவில்லை. "நான் தப்பா எண்றேனோ என்னவோ" என்று பம்பரத்தின் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

தேர்வுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

டொக்.

இரண்டு பேரும் நின்றார்கள். சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது.

"கீழ்வீடா?" என்றாள் பம்பரம்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கீழ்வீட்டில் இருப்பவர் யார் என்பதுதான் விஷயம். அவள் கிரேனுக்குத் தரையிலிருந்து வழிகாட்டும் சிக்னல்காரர் அவர். பெட்டி எங்கே இறங்க வேண்டும், இன்னும் எத்தனை அடி என்று வாக்கிடாக்கியில் சொல்வது அவர் வேலை. வாக்கிடாக்கியில் பெயர் சொல்லிப் பேசும் வழக்கம் அங்கே இல்லை. அவருக்கு அவள் 'மேலே'. அவளுக்கு அவர் 'கீழே'. குடியிருப்பிலும் அப்படியே வீடு அமைந்தது தற்செயல். "மேலே, மோட்டார் போட்டாச்சா, தண்ணி வரலையே?" என்று மாடிப்படியிலும் அவர் அப்படித்தான் கேட்பார்.

"சத்தம் தாங்கலைன்னு தட்டறார் போல. மெதுவா ஆடலாம்" என்றாள் பம்பரம். பாட்டைக் குறைத்தாள். மறுபடி தொடங்கினார்கள்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. டொக்.

சரியாக அந்த இடத்தில். நாலில்.

அவள் வலது கால் தானாகத் தரையில் விழுந்தது.

ஒண்ணு. ரெண்டு. மூணு. டொக். மறுபடியும் கால் விழுந்தது. அவளால் தடுக்க முடியவில்லை. பம்பரத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணி, அவர் தட்டினா நீங்க ஏன் மிதிக்கறீங்க?"

"நான் மிதிக்கலை. அதுவா மிதிக்குது." அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கிண்டல் பண்றார்டி. என்ன ஆடறோம்னு தெரிஞ்சுபோச்சு அவருக்கு. தெரியாம எப்படிச் சரியா அந்த இடத்துல தட்ட முடியும்?"

கணவன் எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்தினான். மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழேயிருந்து இன்னும் ஒரே ஒரு தட்டு வந்தது, 'என்ன, நிறுத்திட்டீங்களா?' என்று கேட்கிற மாதிரி. பிறகு அதுவும் இல்லை.

மறுநாள் காலை ஏணி ஏறினாள். கேபினில் உட்கார்ந்து வாக்கிடாக்கியைப் போட்டாள்.

"மேலே, கேக்குதா?"

"கேக்குது கீழே."

"நீலப் பெட்டி, ரெண்டாவது வரிசை. லாரி ரெடி. வாங்க."

குரலில் ஒன்றும் இல்லை. எப்போதும் போலத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பெட்டியைத் தூக்கி, நகர்த்தி, லாரிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினாள். அவர் எண்ணத் தொடங்கினார். கடைசி அடிகளை அவர் எப்போதும் இப்படித்தான் எண்ணுவார்.

"அஞ்சு... நாலு..."

அந்த நாலில் கொஞ்சம் அழுத்தம் இருந்ததா? அவளுக்கு இருந்த மாதிரி பட்டது. பட்ட அந்த நொடியில், லீவரைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் 'ம்' என்றது. பெட்டி வெடுக்கென்று நின்று, ஒரு பக்கம் சாய்ந்து, ஊஞ்சல் மாதிரி ஆடியது.

"மேலே! என்னாச்சு?"

லாரிக்குள் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். மேலிருந்து பார்த்தால் அவருடைய முழங்கை மட்டும் சன்னலுக்கு வெளியே தெரிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் அடங்கும்வரை லீவரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள்.

"ஒண்ணுமில்ல கீழே. காத்து."

"காத்தா? இங்க கொடிகூட ஆடலையே."

அவள் லீவரைத் தள்ளினாள். பெட்டி இறங்கியது. "தொட்டாச்சு" என்றார் அவர். அவள் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டாள். கேபினைக் காப்பாற்றத்தான் அந்த ஆட்டம். அந்த ஆட்டமே கைக்குள் புகுந்து கேபினுக்கு உலை வைத்துவிடும் போலிருந்தது.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் அவர் எதிரே வந்தார். காய்கறிப் பையைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, அவளுக்காகவே காத்திருந்த மாதிரி நின்றார். நல்ல உயரம், பெருத்த உடம்பு. இரண்டு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"மேலே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது. சாயங்காலம் உங்க வீட்டுல..."

"அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிவிட்டாள். வெளியிலிருந்து வருகிறவளுக்கு அடுப்பில் எப்படிப் பால் இருக்கும் என்பது வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது.

"நான் இனிமே ஆடலை" என்றாள் பம்பரத்திடம்.

"சரி. அப்ப கேட் மேசைக்கு நல்ல மெத்தையா ஒண்ணு வாங்கிடலாம். வருஷக்கணக்கா உக்காரணும் இல்ல?"

"வாயக் கழுவு."

"நீங்க காலத் தூக்குங்க, நான் வாயக் கழுவறேன்."

கணவன் உள்ளே போய், வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து தரையில் மடித்து விரித்தான். அவன் தங்கை அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்ன பாக்கற? என் தலகாணி மட்டும் குடுக்க மாட்டேன்" என்றான். போர்வைகளின் மேல் ஆடினார்கள். கீழேயிருந்து சத்தம் வரவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மூன்றுக்குப் பிறகும் அவள் காது தரைக்குப் போய்வந்தது. வருமா, வராதா? வராமல் இருப்பது வந்ததைவிட மோசமாக இருந்தது. தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிறார். யாரிடம் சொல்லலாம் என்று யோசிக்கிறார். ஏற்கெனவே சொல்லியும் இருப்பார். யார்டில் யாராவது இரண்டு பேர் சிரித்துக்கொண்டு நின்றால், தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள். வாக்கிடாக்கியில் 'நாலு' வருவதற்கு முன்பே பல்லைக் கடித்துக்கொள்ளப் பழகினாள். அப்படியும் ஒருமுறை கை தயங்கியது.

தேர்வு நாள் வந்தது. பரிசோதனை அறை, யார்டு அலுவலகத்தின் பின்பக்கம், ஒரு நீளமான நடையின் கடைசியில் இருந்தது. கதவில் ஆள் முகம் உயரத்துக்கு ஒரு கண்ணாடிச் சதுரம். வெளியே பெஞ்சு. சீக்கிரம் வந்துவிட்டால் யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வந்திருந்தாள். பெஞ்சில் ஏற்கெனவே ஆட்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண், வெல்டர், ரிலீஃப் கிரேன் டிரைவர். கடைசியில், பெஞ்சின் பாதியை அடைத்துக்கொண்டு, சிக்னல்காரர் 'கீழே'.

எண்ணிப் பார்த்தாள். சரியாக நாலு பேர். பம்பரம் கேட்ட அட்ரஸ் இதுதான் என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

"நீங்க போன மாசமே முடிச்சிட்டீங்க இல்ல?" என்றார் ரிலீஃப் டிரைவர். அவள் கேபின் காலியானால் முதலில் ஏறப் போகிறவர் அவர்தான்.

அவள் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. "கிரேன், மறுபரிசோதனை!" என்று கூப்பிட்டார் பரிசோதகர் அம்மா. நடை முழுக்கக் கேட்டது.

எத்தனை நாள் கிளிப் மாட்டி மூடிய திரை! ஒரே சொல்லில் கிழிந்தது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

பரிசோதகர் கண்டிப்பானவர். காதில் பேனா செருகியிருந்தார். மார்புப் பட்டையைக் கட்டிவிட்டு, மேசையில் இருந்த தாளக் கருவியைக் காட்டினார். "டிக் டிக்னு அடிக்கும். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கால். ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. துடிப்பு சிவப்பைத் தாண்டினா நிறுத்துவேன். தாளம் தப்பினாலும் நிறுத்துவேன். ரெண்டு தடவை எச்சரிப்பேன். மூணாவது எச்சரிக்கை கிடையாது. தெரியுதா?"

"தெரியுது."

டிக். இடது கால் பெட்டி மேல். டிக். வலது காலும் மேலே. டிக். இடது கால் தரையில். டிக்...

வலது கால் பெட்டியிலேயே நின்றது.

அவள் நெஞ்சு அமைதியாக மூச்சு விட்டது. நாலு. இருக்கு, ஆனா இல்லை. அடுத்த டிக் வந்தபோதுதான், ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெட்டியிலுமாக, சுவரேறிக் குதிக்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"தாளம்!" என்றார் பரிசோதகர். "முதல் எச்சரிக்கை. மறுபடி பிடிங்க."

பிடித்தாள். ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. கண்ணைக் காலிலேயே வைத்துக்கொண்டு சில சுற்றுகள் ஒழுங்காகப் போனாள். துடிப்புத் திரையில் எண் நிதானமாக இருந்தது. சிவப்புக் கோடு எங்கேயோ தூரத்தில் கிடந்தது. இதயம் தயார். இத்தனை நாள் ஆடியது வீண் போகவில்லை. கால்தான் துரோகம் செய்கிறது. அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில் கவனம் நழுவியது. ஒண்ணு, ரெண்டு, மூணு, ம்.

"ரெண்டாவது எச்சரிக்கை! என்னம்மா நீங்க, நாலாவதுல எங்க போயிடறீங்க?"

உள்ளங்கால் வியர்த்தது. கண்ணாடிச் சதுரத்தில் ஒரு முகம் தெரிந்தது. இல்லை, இரண்டு. அவள் பார்க்க மறுத்தாள். ஏறு. ஏறு. இறங்கு. எங்கோ நெஞ்சுக்குள் அந்த 'ம்' திரண்டுகொண்டு வந்தது. வலது கால் கல்லாகியது.

டொக்.

கதவிலிருந்து வந்தது. வலது கால் தானாகத் தரையில் விழுந்தது.

டிக், டிக், டிக், டொக். டிக், டிக், டிக், டொக். கதவில் விரல்முட்டி. வேறு யாராகவும் இருக்க முடியாது. அந்த இடம் எங்கே காலியாகக் கிடக்கிறது என்று உலகத்தில் அவளுக்கும் பம்பரத்துக்கும் அடுத்தபடி தெரிந்த ஒரே ஆள். கண்ணாடியில் அவருடைய பெரிய முகம், ஒரு பெட்டியை லாரி மேல் இறக்கும்போது இருக்கிற அதே கவனத்தோடு, அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கிண்டல் துளியும் இல்லை.

"வெளியில யாரு? கதவத் தட்டாதீங்க! இன்னொரு தட்டு கேட்டா இவங்களையும் சேர்த்து நிறுத்திடுவேன்!" என்று கத்தினார் பரிசோதகர்.

தட்டு நின்றது.

டிக். ஏறினாள். டிக். ஏறினாள். இனி யாரும் இல்லை. பாதித் தூரம்கூட வரவில்லை. டிக். இறங்கினாள். நெஞ்சு மூச்சை விடத் தயாரானது. அவள் வாயைத் திறந்தாள்.

"நாலு!"

கால் இறங்கியது.

பரிசோதகர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. ஏறு, ஏறு, இறங்கு, "நாலு!" மெதுவாகச் சொன்னால் கால் கேட்காது என்று இரண்டு சுற்றில் புரிந்துவிட்டது. கத்தத்தான் வேண்டும். "நாலு!" அறைச்சுவர் திருப்பிச் சொன்னது. "நாலு!" கண்ணாடியில் இப்போது முகங்கள் நெருக்கியடித்தன. ரிலீஃப் டிரைவரின் வாய் பாதி திறந்திருந்தது. பார்க்கட்டும். துடிப்பு ஏறியது. சிவப்புக் கோடு கிட்டே வந்தது. கத்துவதற்கு மூச்சு செலவாகிறது. கத்தாவிட்டால் கால் நின்றுவிடும். இரண்டில் எது முதலில் தோற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தொடை எரிந்தது. "நாலு!" குரல் கரகரத்தது. எண் கோட்டை ஒட்டி நின்று, தொடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி துடித்தது. "நாலு!" "நா..." வெறும் காற்றுதான் வந்தது. கால் அந்தக் காற்றுக்கும் இறங்கியது.

கருவி நின்றது.

அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பரிசோதகர் திரையைப் பார்த்தார், பேனாவைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"கத்தக் கூடாதுன்னு விதிமுறையில எங்கயும் இல்ல" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு, "கோட்டுக்குக் கீழதான் முடிச்சிருக்கீங்க. கேபினுக்குப் போகலாம். தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

வெளியே வந்தாள். நாலு பேரும் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்து, சுவரையும் கூரையையும் பார்த்தார்கள். அவள் நேராகக் 'கீழே'க்கு எதிரில் போய் நின்றாள். இன்னும் மூச்சு இரைத்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "நானும் மறுபரிசோதனைதான், மேலே. போன தடவை பாதியில உக்காந்துட்டேன். வீட்டுல ஒரு ஸ்டூல் போட்டு ஏறி எறங்கிப் பழகலாம்னு பார்த்தேன். தாளத்துக்கு என்ன பண்றது? உங்க வீட்டுலேர்ந்து தம் தம் தம்னு நல்லா ஒழுங்கா வந்துச்சு. சரி, இதையே வெச்சுக்கலாம்னு ஏற ஆரம்பிச்சேன். மூணு வரைக்கும் வரும். நாலாவது வராது! ஒரு கால் ஸ்டூல்ல, ஒரு கால் தரையில, எத்தனை நேரம் நிக்கறது? அதான் தொடப்பக்கட்டையால கூரையில தட்டி அதை நானே போட்டுக்கிட்டேன்."

"அப்ப... அது கிண்டல் இல்லையா?"

"கிண்டலா? எனக்கு மூச்சே இல்ல, கிண்டலுக்கு எங்க போவேன்? அந்த நாலாவதை என்ன பண்றீங்கன்னு கேக்கத்தான் மாடிப்படியில நின்னேன். நீங்க பால்னு சொல்லிட்டு ஓடிட்டீங்க. கோபம் போலன்னு விட்டுட்டேன்."

ஃபோர்க்லிஃப்ட் பெண் அடக்கிவைத்திருந்த சிரிப்பை விட்டுவிட்டாள். "என்னக்கா அது, என்ன பழகறீங்க?"

அவள் மூவரையும் பார்த்தாள். "டான்ஸ்" என்றாள். "சல்சா. வீட்டுல." சொன்ன பிறகும் கூரை இடிந்து விழவில்லை. "இடுப்பு ஆட்டுவீங்களாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "அது இன்னும் வரலை" என்றாள் அவள்.

"சிக்னல், மறுபரிசோதனை!" கதவு திறந்தது. 'கீழே' எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. கதவு வரை போய்த் திரும்பி, "தட்டக் கூடாதுன்னுட்டாங்களே" என்றார்.

"கத்தலாம். விதிமுறையில இல்லையாம்."

கதவு மூடியது. அவள் கிளம்பவில்லை. அவர் எழுந்துபோன இடத்தில், பாதி பெஞ்சு காலியாகக் கிடந்த அந்த இடத்தில் உட்கார்ந்தாள். கைபேசி அடித்தது. பம்பரம்.

"அண்ணி, என்னாச்சு? சொல்லித் தொலைங்க, இங்க ஒருத்தரோட பல்ல மாத்தி வெச்சுடுவேன் போலிருக்கு!"

"மேலேதான்."

எதிர்முனையில் ஒரு கூச்சல். அதற்குப் பின்னால், "சரி, நாலு பேர் யாராவது பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

"என்ன நினைச்சாங்களாம்?"

அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். உள்ளே தாளக் கருவி ஓடுவது கேட்டது. டிக், டிக், டிக். கனத்த கால்கள் பெட்டியில் ஏறி இறங்கின. கொஞ்ச நேரம் சரியாகப் போனது. பிறகு ஒரு அடி பிந்தியது. இன்னொன்று. பெஞ்சிலிருந்த எல்லோருக்கும் அது கேட்டது. ரிலீஃப் டிரைவர்கூடத் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினார்.

"இரு, அப்புறம் பேசறேன்" என்றாள் பம்பரத்திடம். கைபேசியை மடியில் போட்டுவிட்டு எழுந்து, கண்ணாடிச் சதுரத்துக்கு நேரே போய் நின்றாள். வியர்வை வழியும் அந்தப் பெரிய முகம் அவளைப் பார்த்தது. அவள் சத்தமில்லாமல், உதடு மட்டும் தெளிவாகத் தெரியும்படி, வாயைத் திறந்து காட்டினாள்.

உள்ளேயிருந்து அவர் கத்தினார்.

"நாலு!"